இல்லாத விமானத்தின் எதிரி

தைப்பிங் என்னும் பெயருக்குச் சீன மொழியில் பேரமைதி என்பது பொருள். ஈயத்தின் பொருட்டு இரு சீனக் குழுவினர் லாருட் மண்ணில் பல்லாண்டுகள் வெட்டி மாண்ட பிறகு, 1874ஆம் ஆண்டில், இனியேனும் போர் வேண்டா என்னும் வேட்கையால் அவ்வூருக்கு அமைந்த பெயர் அது. ஊரும் பெயருக்கு இழுக்கு வாராமல் வளர்ந்தது. ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாயின. ஏரிக்கரையில் நட்ட மழைமரங்கள் நீரைத் தொடுமளவு கிளை தாழ்த்தின. 1883இல் அருங்காட்சியகம் தோன்றிற்று. 1885இல் நாட்டின் முதல் இருப்புப்பாதை அங்கிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை ஓடிற்று. மாலைதோறும் மலையிலிருந்து இறங்கும் மழைக்கும் அவ்வூர் பேர்பெற்றது. இத்தகைய ஊரில், கடைவீட்டு மாடியறை ஒன்றில், மழையோசை கேட்டவாறு, மேசை விளக்கின்கீழ் ஓர் இளைஞன் போர்விமானம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறான் எனக் கொள்க. அவ்விமானத்தின் நீளம் ஒரு சாணுக்குச் சற்று மிகும். அத்தகைய விமானம் எந்நாட்டுப் படையிலும் இருந்ததில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை.

இது விளையாட்டுத்தானே, இதில் அறம் பற்றிய ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று வினவத் தோன்றும். இடம் உண்டு. அதனைக் காண்பதற்குமுன் அவன் செய்யும் வேலையின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ளுதல் நன்று.

பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகள் புதியன அல்ல. 1936இலேயே இங்கிலாந்தில் ஃபிராக் என்னும் பெயரில் அத்தகைய பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. 1953இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மாதிரியை மலிவு விலையில் வெளியிட்ட பின்னர் சிறுவர் கைகளிலெல்லாம் அவை புகுந்தன. பின்பு சப்பானிலிருந்து தமியா, ஹசெகாவா முதலிய நிறுவனங்களின் பெட்டிகள் நம் பக்கத்துக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. விமானங்களுக்குப் பெருவழக்கான அளவு 72இல் ஒரு பங்கு. அவ்வளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலமாவான். பெட்டியைத் திறந்தால் உறுப்புகள் யாவும் மெல்லிய சட்டங்களில் காய்த்துத் தொங்குவனபோல் இருக்கும். உடன்வரும் தாளில் எண் வரிசைப்படி எதனை எதனோடு ஒட்டுவது என்று வரைந்திருக்கும். தாளுக்குப் பணிந்தவனுக்கு, பெட்டியின் மூடியில் உள்ள விமானம் கிடைக்கும்.

தாளுக்குப் பணியாதவன் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் கிட்பேஷிங் என்பர். அவன் மூன்று நான்கு பெட்டிகளைத் திறந்து, ஒன்றன் உடலையும் மற்றொன்றன் சிறகையும் வேறொன்றன் வாலையும் எடுத்துப் புதியதொரு விமானத்தைப் புனைகின்றான். 144இல் ஒரு பங்கு அளவில் வார்த்த பயணிகள் விமானத்தின் இயந்திரக் கூடு, 72இல் ஒரு பங்கு அளவுள்ள போர்விமானத்திற்கு எரிபொருள் கலனாகிவிடும். அமெரிக்க ஃபாண்டமின் உடலில் சோவியத்து மிக் விமானத்தின் சிறகு ஏறும். வியட்நாம் வானில் ஒன்றையொன்று துரத்தி வீழ்த்திய அவ்விரண்டும் அவன் மேசையில் ஓருடலாகின்றன. பகை தீர்ந்தது என்று மகிழ்வதற்கு இல்லை. இரண்டு ஆயுதங்களுக்குப் பதிலாக மூன்றாவது ஓர் ஆயுதம் பிறந்திருக்கிறது, அவ்வளவே.

வேலை எளிதன்று. ஒரு விமானத்தின் சிறகு இன்னொன்றன் உடலோடு தானாகப் பொருந்தாது. பொருந்துமிடத்தை மெல்லிய வாளால் அறுத்து, இடைவெளியைப் பிளாஸ்டிக் துண்டுகளால் நிரப்பி, மேலே பட்டி பூசி, காய்ந்தபின் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கைக்குச் சீராகத் தோன்றியது கண்ணுக்குச் சீராக இராது. சாம்பல் நிற அடிச்சாயத்தை ஊதியவுடன் மறைத்த பிளவெல்லாம் வெளிப்பட்டு நிற்கும். மீண்டும் பட்டி, மீண்டும் உப்புத்தாள். மூக்கின் அடியில் சக்கரம் உள்ள விமானமாயின் மூக்கினுள் தூண்டில் ஈயத்தைப் புதைக்க மறந்தவனுக்கு விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். தைப்பிங்கில் இன்னுமொரு தொல்லை: ஈரக்காற்றில் அரக்குச் சாயம் ஊதினால் பளபளப்பு கெட்டு வெண்மை படரும். மழை விட்டபின் ஊதலாம் என்று காத்திருப்பவன் அவ்வூரில் நெடுநாள் காத்திருப்பான்.

இவை கைத்திறனைச் சார்ந்தவை. கருத்தைச் சார்ந்த கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. இல்லாத விமானமேயாயினும் அது பறக்கக்கூடியதாகத் தோன்ற வேண்டும். பெரிய இயந்திரத்தை வைத்தவன் காற்று புகும் வாயையும் பெரிதாக வைக்க வேண்டும். சக்கரம் மடங்கினால் உடலுக்குள் அதற்கு இடம் வேண்டும். விரைவாகப் பறப்பது என்றால் சிறகு பின்னோக்கிச் சாய வேண்டும். இவ்விதிகளை மீறியவனைச் சக கலைஞர்கள் மன்னிப்பதில்லை. புனைவுக்கும் இலக்கணம் உண்டு என்பது தமிழ் பயின்றார்க்குப் புதிய செய்தியன்று. அணியிலக்கணம் இல்பொருளுவமை என ஒன்றை வகுத்துள்ளது. உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்கும்போதும், உள்ள பொருள்களின் இயல்புகளைப் பிசகாமல் இணைத்தே அவ்வில்பொருள் பிறக்கிறது. 1965இல் வந்த தண்டர்பேர்ட்ஸ் தொலைக்காட்சித் தொடரிலும், 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படத்திலும், மாதிரிப் பெட்டிகளின் உறுப்புகளை ஒட்டியே வருங்கால ஊர்திகளையும் விண்கலங்களையும் அமைத்தார்கள். கண்டோர் அவற்றை நம்பியதற்குக் காரணம், உண்மைப் பொறிகளின் நுணுக்கம் அவற்றின்மேல் ஒட்டியிருந்ததே.

அங்ஙனமாயின் முதல் வினா இது: இவ்வாறு இல்லாததை உள்ளதுபோல் ஆக்குதல் பொய்யாகுமா?

ஆகாது என்று எளிதில் சொல்லலாம். புனைவு எனத் தன்னை அறிவித்துக்கொண்டு வருவது பொய்யன்று. வாய்மைக்கு அளவுகோல் வகுத்த வள்ளுவர், சொல் நடந்ததை ஒத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதனால் பிறர்க்குத் தீமை விளையாதிருக்கிறதா என்றே பார்த்தார். எனினும், தன்னை அறிவித்துக்கொள்ளும் அச்செயலில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1986இல் அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம் எஃப்-19 என்னும் பெயரில் ஒரு போர்விமானத்தின் மாதிரிப் பெட்டியை விற்றது. ராடார் கண்ணில் படாத விமானம் ஒன்றை அந்நாட்டு அரசு மறைவாக வைத்திருக்கிறது என்ற செய்தி அப்போது பரவலாக உலவியது. அதனைக் கண்டறியாத வடிவமைப்பாளர், பொறியியல் அறிவையும் ஊகத்தையும் துணைக்கொண்டு வளைவுகள் மிகுந்த கருநிற விமானம் ஒன்றைக் கற்பனை செய்தார். பெட்டிகள் ஏராளமாக விற்றன. மக்கள் பேராளர்களே பார்ப்பதற்கு இசைவில்லாத விமானம் கடைகளில் பொம்மையாக விற்கிறதே என்று அமெரிக்கப் பேராளர் அவையில் கேள்வி எழும் அளவுக்கு நிலைமை சென்றது. 1988 நவம்பரில் அரசு உண்மை விமானத்தின் படத்தை வெளியிட்டது. அதன் பெயர் எஃப்-117. 1981 முதலே பறந்துகொண்டிருந்தது. வளைவு சிறிதும் இன்றிப் பட்டை தீட்டிய கல்போல் தட்டையான முகங்களால் ஆனது. கற்பனை விமானத்திற்கும் அதற்கும் வடிவில் ஒற்றுமை மிகக் குறைவு. இருப்பினும் இரண்டு ஆண்டுகள் இல்லாத விமானமே உள்ளதாக உலகில் உலவிற்று. வடிவமைத்தவர் பொய்யுரைத்தார் என்று சொல்லுதல் கடினம். பெட்டியின் மேல் 'கற்பனை' என்னும் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் பொறித்திருந்தால் இத்தனைப் பெட்டி விற்றிருக்குமா என்று கேட்பதும் நியாயமே.

தைப்பிங் இளைஞனின் விமானம் எவரையும் அவ்வாறு ஏமாற்றப்போவதில்லை. ஆகவே பொய் என்னும் குற்றச்சாட்டை இத்துடன் விடலாம். இதனினும் ஆழமான வினா அவன் சாயம் பூசும்போது எழுகிறது.

விமானம் ஒட்டி முடிந்தபின், அதனைப் புதியதாகவே விட்டுவிடும் வழக்கம் இல்லை. குழல் முனையில் புகைக்கரி படிந்ததுபோல் கறுப்பைத் தேய்ப்பர். எண்ணெய் வழிந்த கோடுகளைத் தூரிகையால் இழுப்பர். படைவீரர் கால்பட்டுச் சாயம் உரிந்ததுபோல் சிறகின் மேற்புறத்தில் வெள்ளி நிறத்தைப் புள்ளி புள்ளியாக வைப்பர். சிலர் குண்டு துளைத்து ஒட்டுப்போட்ட தகட்டையும் காட்டுவர். பறந்தே அறியாத விமானம் இவ்வாறு பல போர் கண்ட விமானம் ஆகிறது.

புறநானூறு பயின்றார்க்கு இவ்விடத்தில் ஔவையார் நினைவுக்கு வருதல் இயல்பு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளத்து நின்றன அவன் வேல்கள். ஔவையோ, இவை இங்ஙனம் அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் பழித்தும் பழிப்பதுபோல் புகழ்ந்தும் பாடிய அத்திறத்தை வகுப்பறைகளில் வியந்து கற்பிக்கிறோம். மேசைமேல் உள்ள விமானம் தொண்டைமானின் வேலைப் போன்றது. போர் காணாதது, அழகுக்காக நிற்பது. ஆனால் அதனைச் செய்தவன் அதியமானின் வேலாக அதனைக் காட்ட விழைகிறான். தழும்பு வேண்டும், தழும்பைத் தந்த போர் வேண்டா. இவ்விழைவில் தீமை இருக்கிறதென்று உடனே தீர்ப்பிட்டுவிட முடியாது. நாடக மேடையில் அரசனாக நடிப்பவனும் மார்பில் செந்நிறம் பூசிக்கொள்கிறான். ஆயினும் அதே ஊரின் கிழக்கெல்லையில் தழும்பு பெற்றவர்கள் உறங்குகிறார்கள் என்பதை மறத்தற்கில்லை.

புக்கிட் லாருட் மலைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் தைப்பிங் போர்க் கல்லறை அமைந்துள்ளது. ஒருபுறம் கிறித்தவர், மறுபுறம் இந்தியப் படையினரும் கூர்க்கரும். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோர்க்கு அங்கு இடம் உண்டு. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இன்னார் என்று அடையாளம் காணப்படாதவர்கள். அடையாளம் தெரிந்தவர்களுள் ஒருவர் ஆர்தர் ஸ்கார்ஃப் என்னும் பிரிட்டானிய விமானி.

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தபாருவில் கரையேறிற்று. மறுநாள் பட்டர்வொர்த் திடலிலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றைச் சயாமின் சிங்கோராத் திடலைத் தாக்க அனுப்புவதாக ஏற்பாடு. முதலாவதாக எழும்பியது ஸ்கார்ஃபின் விமானம். அது தரையை விட்டு எழுந்த வேளையிலேயே சப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்து, எழும்பக் காத்திருந்த ஏனையவற்றைப் பயனற்றவையாக்கின. ஸ்கார்ஃப் திரும்பிவிடலாம், எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தனி ஒரு விமானமாகச் சிங்கோரா சென்று குண்டிட்டுத் திரும்பினார். வழியில் எதிரி விமானங்கள் சூழ்ந்து சுட்டன. முதுகிலும் கையிலும் படுகாயமுற்ற அவரைத் தோழர்கள் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டாரில் விமானத்தை வயிறு தரையில் படிய இறக்கினார். உடனிருந்த இருவருக்கும் ஊறு நேரவில்லை. அவ்வூர் மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றியவர் அவர்தம் மனைவி. அங்கு ஸ்கார்ஃப் உயிர் நீத்தார். அகவை 28. நாடு முழுவதும் சரிந்துகொண்டிருந்த அந்நாளில் இச்செயலைக் குறித்துவைப்பாரும் இலர். விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த விருது 1946இல்தான் அவர் பெயருக்கு வந்தது.

பிளென்ஹைம் விமானத்திற்கும் மாதிரிப் பெட்டிகள் உண்டு. ஸ்கார்ஃபின் விமானத்தைச் செய்ய முற்படுபவன், அதன் நிறம் எது, எழுத்து எது, அன்று சுமந்த குண்டு எது என்று தேடித் தேடிப் படிப்பான். படிக்கப் படிக்க அம்மனிதனை நெருங்குவான். ஸ்கார்ஃப் சென்றது குண்டிடுவதற்கே. சிங்கோராத் திடலில் இருந்தவர்களும் மனிதர்களே என்பதையும் ஒருநாள் நினைக்க நேரும். உண்மை விமானத்தைச் செய்பவன் இவ்வாறு இறந்தாரிடம் ஒரு கடன்படுகிறான். கற்பனை விமானத்தைச் செய்பவனுக்கு அக்கடன் இல்லை. அவன் விமானத்தில் எவரும் இறக்கவில்லை. அதனால் எவரும் இறக்கவில்லை. அந்த விடுதலையே இக்கலையின் இன்பம் என்று அதில் தோய்ந்தோர் கூறுவர். தவறாகச் செய்தாய் என்று எந்த முதியவரும் வந்து சொல்ல முடியாது. ஆனால் விமானியின் கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் அவர் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தைக் கற்பனை விமானத்திலும் விடுவதில்லை. பிறவாத விமானிக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால், மெய்யாகவே மாண்ட நூற்றுக்கணக்கானோர் பெயரின்றிக் கிடக்கிறார்கள். இது அவ்விளைஞனின் குற்றமன்று. அவன் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இனி, ஒட்டுவேலை என்பதனாலேயே இதனைத் தாழ்வாக எண்ணுவோர்க்கு ஒரு சொல். பட்டர்வொர்த் தளத்தில் 1950களின் இறுதி முதல் ஆஸ்திரேலிய விமானப்படையின் சேபர் விமானங்கள் நின்றன. 1969 முதல் அவற்றுள் சில மலேசிய விமானப்படைக்கு வந்தன. அவ்விமானம் அமெரிக்க சேபரின் உடலில் பிரிட்டனின் ரோல்ஸ்ராய்ஸ் ஏவன் இயந்திரத்தைப் பொருத்தி ஆஸ்திரேலியர் ஆக்கியது. இயந்திரம் பருத்தது; ஆகவே காற்று புகும் வாயைப் பெரிதாக்கினர்; உடற்பகுதியில் பெரும்பங்கை மாற்றி வரைந்தனர்; ஆறு இயந்திரத் துப்பாக்கிகளை நீக்கி 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டை வைத்தனர். 1953இல் அது பறந்தது. ஓர் இளைஞன் மேசையில் செய்வதை ஒரு நாடு தொழிற்சாலையில் செய்திருக்கிறது. எனவே உறுப்புகளைக் கலப்பதில் இழிவும் இல்லை, தனிப் பெருமையும் இல்லை. தொழிற்சாலையில் செய்தவர்களிடம் யாருக்கு எதிராக என்று ஒருவர் கேட்டிருந்தால் விடை ஆயத்தமாக இருந்திருக்கும். மேசையில் செய்பவனிடம் அவ்வினாவை எவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். போர்விமானம் என்பது எதிரி ஒருவனை உட்கொண்ட பொருள். உழவுக் கருவி மண்ணை எதிர்நோக்குவதுபோல் அது ஒரு மனிதனை எதிர்நோக்குகிறது. விமானத்தைக் கற்பனை செய்தவன், தான் உணர்ந்தோ உணராமலோ, எதிரியையும் கற்பனை செய்திருக்கிறான். பலர் உணர்ந்தே செய்கிறார்கள். விமானத்தோடு ஒரு வரலாறும் எழுதுகிறார்கள்: இந்நாடு இன்ன ஆண்டில் இன்னாரோடு பொருதிருந்தால் இவ்விமானம் தோன்றியிருக்கும் என்று. மூக்கின் பக்கத்தில், வீழ்த்திய எதிரி விமானம் ஒன்றுக்கு ஒரு கொடி வீதம் ஒட்டுகிறார்கள். அது எவருடைய கொடி? இல்லாத நாட்டின் கொடியாயின் வேறு. அண்டை நாட்டின் கொடியாயின், 1963 முதல் 1966 வரை நேர்ந்த மோதலைக் கடந்து நட்பாகிய மக்களை மீண்டும் ஒரு சிறுவன் எதிரிகளாக வரிசைப்படுத்துகிறான். அவன் வயதில் அஃது ஒட்டுப்படம். அவன் தம்பி அதைப் பார்த்து, இவர்கள்தாம் நம் எதிரிகளா என்று கேட்கும்போது அது கல்வியாகிவிடுகிறது.

விளையாட்டுக்கும் போருக்கும் இடையில் உள்ள சுவர் மெல்லியது என்பதற்கு ஆசிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்க சான்று ஒன்றுண்டு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டுப் பள்ளி மாணவர்கள் 5,00,000 மாதிரி விமானங்களை மரத்தில் செதுக்கித் தர வேண்டும் எனக் கல்வித் துறை வழியாகக் கேட்டது. அளவு, அதே 72இல் ஒரு பங்கு. கறுப்புச் சாயம் பூசிய அம்மாதிரிகளைத் தொலைவில் பிடித்து, இது நம்முடையது, இது பகைவனுடையது என்று வீரர்களுக்குக் கண்டறியப் பயிற்றுவித்தனர். கைத்தொழில் வகுப்பில் சிறுவர் செதுக்கிய சிறகு, எதனைச் சுடலாம் என்று கற்பிக்கும் பாடமாயிற்று. போரில் சிக்கிய நாட்டுக்கு அது தேவை என்பர். தேவையே, ஆயினும் ஒரு மாதிரி விமானத்தின் அடிப்படைக் கேள்வி நம்முடையதா பகைவனுடையதா என்பதே என்று அச்செயல் காட்டிவிட்டது.

அப்படியானால் போர்ப் பொம்மைகளைப் பள்ளியிலிருந்தும் வீட்டிலிருந்தும் விலக்கிவிடலாமா? விலக்கச் சொல்வோர் நல்லவர்கள். ஆனால் எளிய வழியைத் தேடுகிறார்கள். ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனைப் பாடுவது பரணி என்று இலக்கணம் சொல்லி, கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடும் பகுதியைச் சுவையோடு நடத்திவிட்டு, இடைவேளையில் ஒரு மாணவன் கையில் உள்ள பிளாஸ்டிக் விமானத்தைப் பறிப்பதில் நேர்மை குறைவு. மேலும், போர்க்கருவியைக் குழந்தையின் கையில் கொடுத்த மரபு நம்முடையது. பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் மூன்றுகால் தேர் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்து தந்த சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி இளைக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் சிறுதேர் உருட்டலை ஒரு பருவமாகவே கொண்டது. தேரோ அந்நாளில் நால்வகைப் படையுள் ஒன்று. அதன் சக்கரத்தின்கீழ் மடிந்தோர் பலர்.

இவ்வொப்புமையைப் பலர் இத்துடன் நிறுத்திவிடுவர். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. தேர்ப்படை இறந்துவிட்டது. இன்று தேர் என்றால் கோயில் தேர். வடம் பிடிக்க ஊர் கூடும் தேர். கொலைத்தொழில் அதனை விட்டு நீங்கி நூற்றாண்டுகள் ஆனதால் அதன் வடிவம் மட்டும் எஞ்சி அழகாயிற்று. விமானப்படை இறக்கவில்லை. பேராக் மாநிலத்து முதியோர் பலர்க்கு விமான ஒலி வெறும் ஒலியன்று. 1948இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட மேலாளர் மூவரைச் சுட்டதை அடுத்து நெருக்கடி நிலை பிறந்தது. அது நீங்கிய 1960 வரை விமானங்கள் காடுகளின்மேல் குண்டும் இட்டன. சரணடையச் சொல்லித் துண்டுத்தாளும் தூவின. ஒலிபெருக்கி வைத்து மேலிருந்து பேசவும் செய்தன. காட்டுக் கோட்டைகளுக்கு அரிசியும் மருந்தும் இறக்கின. விமானத்தின் அறம் அது சுமந்ததைப் பொறுத்திருந்தது. இன்றும் உலகில் எங்கோ ஒரு நகரின்மேல் அது பறந்துகொண்டுதான் இருக்கிறது. கொலை நீங்காத வடிவத்தை முன்கூட்டியே அழகாக்கி மகிழ்வதில் ஓர் அவசரம் உள்ளது. அந்த அவசரத்தை அறிந்து மகிழ்பவனுக்கும் அறியாமல் மகிழ்பவனுக்கும் வேறுபாடு உண்டு.

பொறியைப் புனைந்தோர் தமிழில் இருந்திருக்கிறார்கள். சீவகசிந்தாமணியில், கட்டியங்காரனின் சூழ்ச்சி தன்னைச் சூழ்ந்தபோது, சச்சந்தன் கருவுற்ற தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வானில் அனுப்புகிறான். அப்பொறி அவளைச் சுடுகாட்டில் இறக்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். திருத்தக்கதேவர் கற்பனை செய்த அந்த வானூர்தி போரின் நடுவிலிருந்து புறப்படுகிறது. ஆயினும் அதில் படைக்கலம் இல்லை. ஓர் உயிரையும் அதன் வயிற்றில் ஓர் உயிரையும் சுமக்கிறது. பெருங்கதையிலோ, உதயணனைப் பிடிப்பதற்குப் பகை மன்னன் ஒரு யானைப்பொறியைச் செய்வித்து, அதன் உடலுக்குள் வீரர்களை மறைக்கிறான். யானையை நேசிக்கும் உதயணன் யாழொடு நெருங்குகிறான், அகப்படுகிறான். இரண்டையும் செய்தவன் கைவினைஞனே. மரத்தை இழைத்ததும் விசையைப் பொருத்தியதும் ஒரே திறமையால். எதனை உள்ளே வைப்பது என்பதை மட்டும் வேறொருவர் தீர்மானித்தார். மேசைமுன் அமர்ந்த இளைஞனுக்கு அத்தகைய அரசன் எவனும் இல்லை. தீர்மானமும் அவனுடையதே. சிறகின் அடியில் குண்டு மாட்டலாம், காட்டுக் கோட்டைக்கு மருந்து இறக்கும் கூடை மாட்டலாம், வெறுமையாகவும் விடலாம். பெட்டியில் இருக்கிறது என்பதற்காகவே குண்டை எடுத்து ஒட்டுவோர்தாம் மிகப் பலர்.

மாடியறை இளைஞனிடம் மீளலாம். விமானம் காய்ந்துகொண்டிருக்கிறது. அடையாளக் குறி இன்னும் ஒட்டவில்லை. தண்ணீர்த் தட்டில் ஊறும் ஒட்டுப்படங்களுள் எந்நாட்டு வட்டத்தை எடுப்பது என்று அவன் தயங்குகிறான். கூண்டின்கீழ் எழுதுவதாக இருந்த பெயரையும் எழுதவில்லை. ஏவுகணைகள் எட்டும் சட்டத்திலிருந்து அறுபடாமல் கிடக்கின்றன. ஒட்டாமல் விடுவதாக அவன் முடிவு செய்கிறான் எனக் கொள்க. அவற்றை அவன் குப்பையில் எறிய மாட்டான். இக்கலை பயில்வோர் எதனையும் எறிவதில்லை. மிச்ச உறுப்புகளுக்கென்று மூடியுள்ள பழைய ரொட்டித் தகரம் ஒன்று மேசையடியில் இருக்கிறது. அடுத்த விமானம் அதிலிருந்துதான் பிறக்கும். ஏவுகணைகளை அதில் போட்டு மூடுகிறான். வெளியே மழை விடவில்லை.